பெய்யும்போது பிடித்து வைப்போம்

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதே அவ்வளவு இல்லை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக் கிடந்தார்கள்.

அதற்கு ஏழு வருடம் முன்னால் நிலைமை என்ன? 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அன்று மழைக்காக துஆ கேட்ட நாமே, 2023-இல் மழை நிற்க துஆ கேட்டோம்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து எரித்துப் பூமியின் சூடு கூடிவருகிறது. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிகமாக ஈரத்தைத் தாங்கும். அந்தச் சுமையை இறக்கும்போது மொத்தமாக இறக்கிவிடுகிறது. மழை இல்லாத நாட்களில் அதே சூடு குளத்தையும் மண்ணையும் சீக்கிரம் காய வைக்கிறது. காயல்பட்டினத்து மழைக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பெருமழையும் வறட்சியும் இனி கடுமையாகும் என்பது விஞ்ஞானிகளின் எச்சரிக்கை.

சங்கரன்கோவிலுக்கு இது இன்னும் முக்கியம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். நமக்குக் காற்றுதான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம் கிணற்றையும் குளத்தையும் நிரப்ப வேண்டும். அது முப்பது நாள் நிதானமாகப் பெய்தால் மண் குடிக்கும். மூன்றே நாளில் கொட்டினால் ஓடையோடு போய்விடும்; கோடையில் நாம் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்போம். அந்த லாரிக்குக் கொடுக்கும் பணம், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு மதரஸா பிள்ளைகளுக்கும் தெரியும். பஞ்சம் வருமுன், செழிப்பான ஏழு வருடங்களிலேயே தானியத்தைச் சேமிக்க வழி சொன்னார்கள். அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை வைத்த நபிதான் களஞ்சியத்தையும் நிரப்பினார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 9000 லிட்டருக்கு மேல். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது இறக்கிய குழாய்கள் இன்று பல வீடுகளில் உடைந்து கிடக்கின்றன. குழிகள் மண் மூடிவிட்டன. அடுத்தவரைச் சொல்வானேன்? நம் அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடித் தண்ணீரே இதுவரை தெருவில்தான் ஓடியது. இது நம் தவறு. இந்த வருடம் அதைப் பின்புறத்துக் கிணற்றில் இறக்கத் தீர்மானித்திருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள். அது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. சென்ற வாரம் குழாய்க்குக் கீழே வாளி வைத்துப் பார்த்தோம். ஓர் ஒளுவுக்கு ஆறு லிட்டர் போயிற்று. அளந்தது நிர்வாகிகளாகிய நம்முடைய ஒளுவைத்தான்.

ஆகவே ஐப்பசிக்குள் மூன்று காரியங்களைச் செய்வோம். ஒன்று, மாடியைச் சுத்தம் செய்து, குழாயைச் சரிபார்த்து, குழியைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் புதிதாக இடுவோம். வசதியில்லாத வீடுகளுக்கு ஸதகா நிதியிலிருந்து செய்து தருவோம். பெயரை அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு, ஒளுவுக்குக் குழாயைச் சிறிதாகத் திறப்போம். மூன்று, ஓடையில் குப்பை கொட்டாதிருப்போம். அடைத்துக்கொண்டால் பெருமழையில் அந்தத் தண்ணீர் ஏதோ ஒரு வீட்டுக்குள்தான் நுழையும்.

மதீனாவில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் வக்ஃப் செய்தார்கள். நம்மால் கிணறு வாங்க முடியாமல் போகலாம். நம் மாடியில் விழும் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்ப முடியும். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. நாம் இறக்கும் நீர் எந்த மதத்து அண்டை வீட்டார் கிணற்றிலும் ஊறும். அதற்கும் நன்மை உண்டு.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள மழையைத் தருவானாக; அதைப் பேணிக் காக்கும் புத்தியையும் தருவானாக. ஆமீன்.