யோகமும் ஓர் ஐயவாதியும்



ஆன்மிகம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சில்லறையை எண்ணி வாங்கியே பழகிய புகைவண்டி நிலையக் குமாஸ்தாவின் கை, எண்ணிப் பாராமல் எதையும் ஏற்பதில்லை. ஆயினும் யோகத்தைத் தேடி நானும் மூன்று திங்கள் ஒரு வகுப்புக்குச் சென்றதுண்டு.

குண்டலினி மூலாதாரத்தில் புறப்பட்டு, இடையிலுள்ள ஆதாரங்களைக் கடந்து, உச்சந்தலை சேரும் என்றார் ஆசிரியர். மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டிக்காவது கால அட்டவணை உண்டு. என் குண்டலினிக்கு அதுவும் இல்லை. பத்மாசனத்தில் பூட்டிய கால்களை அவிழ்க்க இருவர் வேண்டியிருந்தது. பத்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவோரிடம், இப்போது ஒரு மூச்சு இழுத்துவிட்ட பின்பே விடையளிக்கிறேன். அதைச் சமாதி நிலை என்று ஆசிரியர் ஒப்பவில்லை.

என் முழங்கால் ஒன்றையே சான்றாகக் கொண்டு யோகத்தைப் பொய் என்று தள்ளலாமா? ஆகவே நூல்களை நாடினேன். நம் பழைய மைசூர்ச் சீமையிலேயே செய்தி கிடைத்தது. ஜகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்தியவர் கிருஷ்ணமாச்சாரியார். தெரேஸ் பிரோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவ அம்மையார் 1935இல் கருவியுடன் வந்து அவரது இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். துடிப்பு ஏறக்குறைய நின்றது போலவே அதில் தோன்றிற்று. உலகம் வியந்தது.

1957இல் வெங்கர், பாக்சி என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தனர். டில்லி மருத்துவக் கழகத்து ஆனந்த் அவர்களுடன் சேர்ந்து யோகியர் சிலரைச் சோதித்து, 1961இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்கினால், இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது. காதுக் குழலில் ஒலியும் தேய்கிறது. ஆனால் இதயம் மட்டும் வேலையை விடவில்லை! நாற்காலியில் ஆளைக் காணோம் என்பதால் குமாஸ்தா விடுப்பில் போய்விட்டான் என்று பொருளாகுமா?

ஆக, வித்தை போயிற்று. மூச்சை ஆளும் பயிற்சி மிஞ்சிற்று. இந்த வேறுபாடு மற்ற ஊர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம், தங்கவயலுக்கு அப்படியன்று. சாம்பியன் ரீஃபில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே நம்மவர் இறங்கி உழைத்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் நெஞ்சில் படிந்த பாறைத் தூசு மூடப்படவில்லை. சிலிக்கோசிஸால் தழும்பேறிய நுரையீரல் எந்தப் பிராணாயாமத்தாலும் பழைய நிலைக்கு மீளாது. கபாலபாதி செய்தால் தூசு வெளியேறிவிடும் என்று யாரேனும் சொன்னால், மணிக்கட்டில் மறைந்த அந்த நாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி திணறலைச் சற்றுத் தணிக்கலாம். அதையும் மார்புப் படம் எடுத்து, மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடிக்கும் பெரியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்றிரவே பேசுங்கள்.

பிள்ளைகளின் நாடகம் காத்திருக்கிறது.