வடிகட்டிய நீரின் இரண்டாம் பாதி



நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவது நம் மரபு. அம்மரபுக்கு இரண்டாம் பாதி ஒன்றுண்டு. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே மீண்டும் சேர்த்தல் வேண்டும். எடுப்பவர் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர் என்பதே அதன் பொருள்.

மேட்டூரில் அறிவியல் கற்பிக்க இதனினும் நல்ல தொடக்கம் ஏது? 1934இல் நிறைவுற்ற நம் அணை 120 அடிக்கு நிரம்பினால், 93.47 டி.எம்.சி. காவிரி நீர் தேங்கும். டெல்டா வயல்கள் அதனை நம்பியுள்ளன. அனல் மின்நிலையமும் இரசாயன ஆலைகளும் இவ்வூரிலேயே இயங்குகின்றன.

ஆசிரியர்கள் மாணவரைக் கரைக்கு அழைத்துச் செல்லட்டும். ஒரு துளியை நுண்ணோக்கியில் காட்டட்டும். துணிக்குத் தப்பிய உயிர்களும் அதில் தெரியும். நீரின் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் மாதந்தோறும் அளந்து எழுதச் செய்யட்டும். நீர் சூடானால் அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும், மீன்கள் வருந்தும். எந்த மீன் குறைந்தது, எது பெருகிற்று என்பதை மீனவரிடமே கேட்டறியட்டும். அவ்வேட்டினை ஆண்டுதோறும் ஊரார் முன் படிக்கட்டும்.

தன் பள்ளியின் கழிவுநீர் எங்கே சென்று சேர்கிறது என்பதை அறியாத மாணவர், முழு மதிப்பெண் பெற்றாலும் பாதிப் பாடமே கற்றவராவார். மறுபாதியைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது.