டர்போ என்ஜினும் மீன் தொட்டி வால்வும்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



போன வாரம் செயலாளர் அண்ணன் போன் செய்து, "கார் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, கொட்டாவி வராம பேசு" என்றார். மின்சாரக் காரைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் டர்போ பெட்ரோல் என்ஜினை எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். என் வகுப்பு நண்பர்கள் மட்டும் கடைசி வரை எழுந்து போகாமல் இருக்க வேண்டும். இது அவர்களுக்குத்தான்.

நம் தெர்மல் லேபில் இருந்த ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் ஞாபகம் இருக்கிறதா? டிரம்மைச் சுற்றிக் கயிறு, கயிற்றில் எடை, டிரம்முக்குள் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். பியூரெட்டில் 10 சிசி எரிபொருள் தீர எத்தனை நொடி என்று ஸ்டாப் வாட்ச் பிடித்தோம். பாதி பேர் முந்தைய பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம் என்பது வேறு விஷயம். (சிரிப்பு.) எடை கூடக் கூட எரிபொருள் வேகமாகத் தீரும். எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டும். பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. என்ஜின் தன் கொள்ளளவுக்குத்தான் காற்றை உறிஞ்சும். அதற்கு மேல் வேண்டும் என்றால் அமுக்கித் திணிக்க வேண்டும்.

புகையோடு வீணாகப் போகிற சக்தியை வைத்தே அதைச் செய்யலாம் என்று 1905ஆம் ஆண்டில் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூஷி. புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும், அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கும். சிறிய கார் டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும்.

இங்கேதான் நம்மில் பலர் கணக்கில் ஏமாறுகிறோம். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் பவரும் இரண்டு மடங்கு என்று நினைக்கிறோம். அமுக்கினால் காற்று சூடாகும் என்பதை மறந்துவிடுகிறோம். சைக்கிள் பம்பின் அடி சுடும் இல்லையா, அதே சங்கதி. வெளிக்காற்று 30 டிகிரி, கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று போட்டுப் பாருங்க. இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று சுமார் 124 டிகிரியில் வெளியே வரும். அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கும். நடுவில் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் ஏறக்குறைய 1.9 மடங்கு. எனக்குத் தெரிந்து, டர்போ வண்டிக்குச் செலவழிக்கிற முதல் பணம் நல்ல இன்டர்கூலருக்குத்தான் போக வேண்டும். பையன்கள் சத்தம் போடுகிற சைலன்சரைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

சூட்டினால் அடர்த்தி குறைவது மட்டுமல்ல, நாக்கிங்கும் வரும். ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய நெருப்பு போய்ச் சேருவதற்குள், மூலையில் அமுங்கிக் கிடக்கிற கலவை தானாகவே வெடித்துக்கொள்ளும். பிஸ்டனைச் சுத்தியலால் அடித்த மாதிரி. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் விட்டது. 3.5 லிட்டர் வி-8, 215 ஹார்ஸ்பவர். கம்ப்ரஷன் 10.25. டர்போவுக்கு அது மிக அதிகம். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு தனி டேங்கில் இருந்து உள்ளே போகும். அது தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறைந்துவிடும்படியும் செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வாங்கியவர்கள் டேங்கை நிரப்ப மறந்துவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று குறை சொன்னார்கள். பின்னால் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பந்தயக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1977இல் ரெனோ 1.5 லிட்டர் டர்போவோடு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது. 1986 வாக்கில் அதே 1.5 லிட்டரில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் ஆயிரம் ஹார்ஸ்பவருக்கு மேல் எடுத்தார்கள். சில சுற்றுகள் ஓடினால் போதும், அப்புறம் என்ஜினைக் கழற்றிவிடலாம். நாம் அதே வண்டியில் மறுநாள் ஆபீஸ் போக வேண்டும்.

இப்போதைய வண்டிகளில் என்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். தட்டல் கேட்டால் கணினி ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்தும். ரீமேப் என்று சொல்கிறோமே, அது அந்தக் கணினிக்குள் இருக்கிற அட்டவணைகளைத் திருத்துவதுதான். எந்த வேகத்தில் எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி ஸ்பார்க். கம்பெனி எல்லா ஊர் வெயிலுக்கும், எல்லா ஊர் பெட்ரோலுக்கும், சர்வீஸே பார்க்காத ஓனருக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கும். ரீமேப் செய்கிறவர் அந்த இடத்தில் இருந்துதான் எடுக்கிறார். ஒன்றும் வானத்தில் இருந்து வருவதில்லை.

இனி என் கதை. 2021இல் செகண்ட்ஹேண்டில் ஒரு 1.4 லிட்டர் டர்போ கார் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு வண்டி மேல் இல்லை. 114 ஹார்ஸ்பவர். நம் கல்லூரியில் எனக்கு நாலு வருஷம் பின்னால் படித்த ஒரு தம்பி கோவையில் ட்யூனிங் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ரீமேப் செய்து கொடுத்தான். டைனமோமீட்டரில் 140 சொச்சம் வந்தது. "95 ஆக்டேன் பெட்ரோல் மட்டும் போடுங்ணா. பூஸ்ட்டை மட்டும் தொட்டுடாதீங்க, மூணாவது சிலிண்டர்ல லேசா டைமிங் இழுக்குது" என்றான்.

நான் எஞ்சினியர் இல்லையா, கேட்பேனா? ஒரு மாசம் கழித்து, மீன் தொட்டிக்கு விற்கிற சின்ன பிளாஸ்டிக் வால்வு ஒன்றை வாங்கி, வேஸ்ட்கேட்டுக்குப் போகிற ரப்பர் ஹோஸில் ஒரு டீ போட்டுச் செருகினேன். வேஸ்ட்கேட் என்பது பூஸ்ட் அளவுக்கு மீறினால் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடுகிற கதவு. அதற்குப் போகிற அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிட்டால், பூஸ்ட் இன்னும் ஏறவில்லை என்று அது நினைத்துக்கொண்டு மூடியே இருக்கும். கணினி குறைக்கப் பார்க்கும், ஓரளவுக்கு மேல் அதனாலும் முடியாது. வண்டி பறந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

2022 மே மாதம். மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சியில் நான் போன பங்கில் 95 இல்லை. சாதாரண பெட்ரோலே போட்டேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஏசி ஓடுகிறது, மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்துக்கொண்டே ஏறுகிறேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். ஜன்னலை ஏற்றிவிட்டேன். அதை மட்டும் நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலை ஏற்றினேன். அடுத்த வளைவில் வண்டி செத்துப்போனது. பின்னால் நீலப் புகை. வளைவின் உள்பக்கத்தில் நிற்கிறோம், மேலே இருந்து பஸ் இறங்குகிறது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஓடினாள். பஸ் டிரைவர் ஒரு முழம் இடைவெளியில் நிறுத்தினார்.

பானெட்டைத் திறந்து நான் முதலில் செய்த காரியம், அந்த வால்வைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தபோது மூன்று சிலிண்டரில் கம்ப்ரஷன் 170 பக்கம், மூன்றாவதில் 60. பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கு நடுவில் உள்ள வரப்பு உடைந்திருந்தது. மொத்தச் செலவு 1,20,000. "உன் ரீமேப்தான் காரணம்" என்றேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. 40,000 ரூபாய் அவன் கையில் இருந்து போட்டான். நான் அத்தோடு விட்டேனா? நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டு, அங்கே வண்டி விடாதீர்கள் என்று எழுதினேன். நீங்கள் அதை நாலு குழுவுக்கு அனுப்பினீர்கள். அந்த வருஷமே அவன் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பையன்களை நிறுத்த வேண்டி வந்தது என்று பிறகு தெரிந்தது.

2024இல் ஒரு நாள் போய் உண்மையைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். அவன் சிரித்தான். "லாக்ல பூஸ்ட் பார்த்தப்பவே தெரியுமுங்ணா. நான் கொடுத்தது அவ்வளவு இல்ல. சீனியர் ஆச்சே, நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பணத்தை வாங்கிக்கொண்டான். "குரூப்புலயும் சொல்லிடுங்ணா" என்றான். அதை நான் செய்யவில்லை. டைப் செய்வேன், அழித்துவிடுவேன். இன்றைக்கு எல்லோரும் நேரில் இருக்கிறீர்கள், அதனால்தான் இந்தத் தலைப்பு. தப்பு முழுக்க என்னுடையது. அவன் மேப்பில் குறை இல்லை. நான் எழுதியதை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

ஆசையுள்ள தம்பிகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. என்ஜினை மாற்றினால் வாரண்டி போகும், இன்சூரன்ஸ் க்ளைமில் சிக்கல் வரலாம், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்க. வேகமாக ஓட்ட வேண்டும் என்றால் செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, வால்பாறை ரோடு வேண்டாம். ரீமேப் செய்தால் லாக் எடுக்கச் சொல்லுங்க. எத்தனை ஹார்ஸ்பவர் என்று கேட்பதற்கு முன்னால், எந்த சிலிண்டரில் எத்தனை டிகிரி டைமிங் இழுக்குது என்று கேளுங்க.

என் வண்டி இப்போதும் அவன் மேப்பில்தான் ஓடுகிறது. உடைந்த பிஸ்டனைக் கொண்டு வந்திருக்கிறேன், காபி வைத்திருக்கிற மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே அந்த வால்வும் இருக்கு. எடுத்துப் பாருங்க. தெர்மல் சார் முதலில் பார்க்கட்டும்.