வழி தேடும் பொறியும் ஊர்ப்பெயரும்

(கம்மாபுரத்தில் கூடியோர்க்கு ஆற்றிய உரை)



கம்மாபுரத்தைச் சூழ்ந்த நிலம் காண்பதற்குரியவை நிறைந்தது. ஒருபால் பழமலைநாதர் கோயில் கொண்ட முதுகுன்றம். ஒருபால் 1867-இல் பசித்தோர்க்கென வள்ளலார் அடுப்பு மூட்டிய வடலூர். தெற்கே திருமுட்டமும், இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரமும். கிழக்கே தில்லையும் பிச்சாவரத்து அலையாத்திக் காடும். இவற்றைக் காண வரும் அயலூரான் இன்று வழியில் எதிர்ப்படுவோரை வினவுவதில்லை. கையிலுள்ள பேசியை வினவுகின்றான்.

அப்பொறி வழியை எவ்வாறு அறிகின்றது? ஊர்களை முடிச்சுகளாகவும் சாலைகளை இழைகளாகவும் கொண்ட வலையொன்று அதனுள் உண்டு. ஒவ்வோர் இழைக்கும் தொலைவோ செல்லும் நேரமோ எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆலந்து நாட்டு அறிஞர் எட்சுகர் தைக்சுத்திரா 1959-இல் வெளியிட்ட படிமுறை, புறப்படும் ஊரிலிருந்து குளத்து நீரலைபோல் நாற்புறமும் விரியும். மிக அணித்தான முடிச்சை முதலிலும் அடுத்ததைப் பின்னும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறுகிய வழியை உறுதி செய்யும்.

வடலூர் செல்வோனுக்காகத் திருமுட்டப் பக்கமும் தேடுவது வீண் உழைப்பன்றோ? 1968-இல் அமெரிக்க அறிஞர் ஆர்ட்டு, நில்சன், இரபேல் மூவரும் இக்குறையைக் களைந்தனர். கடந்து வந்த தொலைவோடு, சேருமிடத்துக்கு நேர்கோட்டில் எஞ்சிய தொலைவையும் கூட்டி, தொகை குறைந்த பக்கமாகவே தேடலைச் செலுத்தும் முறை அவர்களுடையது.

பல இடங்களைக் காண விழைவோனுக்கோ சிக்கல் பெரிது. ஐந்து இடங்களைக் காணும் வரிசைகள் 120, பத்தாயின் 36,28,800. உச்சிப்பொழுதில் நடை சாத்தும் கோயில்களையும் கணக்கிடல் வேண்டும். இடங்கள் பெருகப் பெருக, பொறி எல்லாவற்றையும் ஆராயாமல், ஏறக்குறையச் சிறந்த வரிசை ஒன்றைத் தேர்ந்து தருகின்றது.

ஆயின் இத்துணை நுட்பமும் ஊர்ப்பெயர் என்னும் ஒரு சொல்லில் தொடங்குகின்றது. பெயரறியாப் பொறிக்கு ஊரில்லை, ஊரில்லையேல் வழியுமில்லை. தேவாரம் பாடிய மூவரும் திருமுதுகுன்றம் என்றே வழங்கிய ஊர், 'முது' விருத்தமாகவும் 'குன்றம்' அசலமாகவும் வடமொழிக்குப் பெயர்க்கப்பட்டு, விருத்தாசலம் ஆயிற்று. பழம்பெயரை ஒருவர் ஊட்டினாலன்றிப் பொறி தானே அறியாது.

இழந்த பெயர் மீளக்கூடியதே. மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை ஆயிற்று. 2020 சூன் திங்களில், 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிக் குறைகள் எழவே, அதே திங்களில் மீளப் பெற்றுக்கொண்டது.

ஆணைக்குக் காத்திராத வழியொன்றும் உண்டு. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'திறந்த தெருப்படம்' எவரும் திருத்தக்கூடிய உலகப் படம். அதில் ஓர் ஊருக்குத் தமிழ்ப்பெயரையும் பழம்பெயரையும் தனித்தனியே பதியலாம். வழிதேடும் பொறிகள் பல அப்படத்தைக் கொண்டே இயங்குகின்றன.

ஆதலின் இளைஞர்காள், உங்கள் ஊரின் பெயரையும் ஏரி, ஓடை, தெருப் பெயர்களையும், கோயில் நடை திறக்கும் பொழுதையும் பிழையறப் பதியுங்கள். முதியோரைக் கேட்டு, மறந்த பெயர்களைத் தேடிச் சேருங்கள். பலகையில் தார் பூசினால் வேற்றுப்பெயர் மறையும். தமிழ்ப்பெயர் தானே தோன்றிவிடாது. அதனை எழுத ஒரு கை வேண்டும்.