தாழ்ந்த சுரமும் கேட்கும் அறையும்



வீட்டில் அமர்ந்து இசை கேட்போர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. சப்வூஃபர்களுள் சிறந்தது எந்த நிறுவனத்தினுடையது என்பதே அவ்வினா. விடை காணுமுன், அக்கருவி செய்யும் தொழில் யாது என்று அறிந்துகொள்வோம்.

மனிதச் செவி விநாடிக்கு 20 முதல் 20,000 வரை அமைந்த அதிர்வுகளைக் கேட்க வல்லது. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 அதிர்வுகளை உடையது. வயலின் குடும்பத்துப் பெரிய கருவியாகிய டபிள் பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 அதிர்வுகளை எழுப்பும். இத்தகைய சுரங்கள் முழு வலிமையோடு ஒலிக்க வேண்டுமாயின், மிகுதியான காற்றை அசைத்தல் வேண்டும். சிறிய ஒலிபெருக்கிகளுக்கு அது அரிது. அக்குறையை நிறைக்க வந்ததே சப்வூஃபர்.

இனி, நிறுவனங்களைக் காண்போம். அமெரிக்காவின் எஸ்.வி.எஸ். இருவகைப் பெட்டிகளைச் செய்கிறது. ஒன்று முற்றிலும் மூடிய பெட்டி; மற்றொன்று காற்று வெளிவரக் குழல் பொருத்திய பெட்டி. குழற்பெட்டி ஆழ்ந்த சுரங்களை உரக்க முழக்கும். ஆயின் தன் எல்லைக்குக் கீழே ஒலி விரைவாக வீழ்ந்துவிடும். மூடிய பெட்டியில் அவ்வீழ்ச்சி மெல்ல நிகழும். அது அடைக்கும் இடமும் பெரும்பாலும் குறைவு. பிரிட்டனின் ரெல் நிறுவனம், ஆம்ப்ளிஃபயரிலிருந்து மற்ற ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் அதே சமிக்ஞையைத் தன் கருவியும் பெறுமாறு இணைக்கும் முறையை வற்புறுத்துகிறது. 1983-இல் கலிபோர்னியாவில் தோன்றிய வெலோடைன், கூம்பின் அசைவை அளந்து உடனுக்குடன் திருத்தும் முறையால் பெயர் பெற்றது. 2021-இல் வெளிவந்த கே.இ.எஃப். கே.சி.62, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் எதிரெதிர்த் திசை நோக்கும் இரு கூம்புகளைக் கொண்டது. ஒன்றின் உதைப்பை மற்றொன்று ஈடுசெய்வதால் பெட்டியின் நடுக்கம் பெரிதும் அடங்கும்.

இவற்றுள் எது சிறந்தது? எந்த அறையில் என்று சேர்த்துக் கேட்டாலன்றி இவ்வினா நிறைவு பெறாது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்லும். ஆகவே, 40 அதிர்வுகளையுடைய ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர். அதில் பாதியாகிய 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் அவ்வொலி சுவர்களில் மோதி மீண்டு, நிலையலையாக நின்றுவிடும். சுவரோரம் இருப்பவருக்கு அது முழங்கும். நீளத்தின் நடுவில் அமர்ந்தவருக்கோ பெரும்பாலும் மறைந்துபோகும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியும் அவ்விடத்தில் பயன் தராது.

இதற்கு எளிய வழி உண்டு. கருவியை நாம் அமரும் இடத்தில் வைத்துத் தாழ்ந்த சுரங்கள் நிறைந்த இசையை ஒலிக்கச் செய்க. பின்னர்ச் சுவரோரமாகக் குனிந்து நடந்து, எல்லாச் சுரங்களும் ஒரு சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டறிக. அதுவே கருவிக்கு உரிய இடம்.

இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒரே இடத்தில், ஒரே இசையை, ஒரே அளவு உரத்த ஒலியில் கேட்டல் வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று கொள்வது செவியின் இயல்பு. அளவு ஒவ்வாத ஒப்பீட்டில் வெல்வது ஓசையே, தரம் அன்று. பிறர் புகழும் பெயரைக் கேட்டுப் பொருள் வாங்குவது எளிது. முறையாகச் சோதித்துத் தெளிவதே அறிவியல் பயில்வோர்க்கு அழகு.