நனைய மறுக்கும் கரித்தூள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசு" என்று செயலாளர் சொன்னார். என் வேலை நிலக்கரிச் சுரங்கத்தில் தூசியோடு மல்லுக்கட்டுவது. கேட்க அவ்வளவு சுவாரஸ்யமான விஷயம் இல்லைதான். ஆனால் நான் செய்த ஒரு தப்பும், அதைத் திருத்திய ஒரு பாடமும் இதில் இருக்கின்றன. அந்தப் பாடம் இதே கல்லூரியில் முதல் வருடம் நடத்தப்பட்டது. நான்தான் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் வருடம் படிக்கும்போது பயிற்சிக்காக நெய்வேலி போனோம். பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம். அந்தக் கரி வெளியே வரும்போதே எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குக் கரி விழும் இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள், தூசி அடங்கியது. "தூசியா? தண்ணியை அடி" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை கிடைத்தது ஜாரியா நிலக்கரி வயலில். தன்பாத் பக்கம். எந்தச் சுரங்கம் என்பது இங்கே வேண்டாம். பூமிக்கடியில் இருக்கும் சுரங்கம், எஃகு ஆலைகளுக்குப் போகும் கோக்கிங் கரி. தூசியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நாசில் மாட்டினேன், பம்ப் பிரஷரைக் கூட்டினேன், தண்ணீரை இரண்டு மடங்காக்கினேன். தரை சேறானது, பூட்ஸ் நனைந்தது. தூசி மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பழையபடி மிதந்துகொண்டே இருந்தது. நானும் தினமும் பதிவேட்டில் "தண்ணீர் தெளிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் போட்டேன்.

ஒருநாள் வயதான தொழிலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "சாஹப், உங்க தண்ணி தரையைத்தான் நனைக்குது" என்று இந்தியில் சொல்லிவிட்டு, இருமி, தன் துண்டில் துப்பிக் காட்டினார். கறுப்பு.

5 மைக்ரானுக்கும் குறைவான தூள் நுரையீரலின் காற்றறை வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிடும். நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள் அது. வருடக்கணக்கில் சேர்ந்தால் நிமோகோனியோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காற்றில் எழுந்த கரித்தூள் தீப்பிடித்தால் வெடிக்கும். பிரான்ஸில் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று அப்படித்தான் 1,099 பேர் இறந்தார்கள். நம் நாட்டில் தோரி சுரங்கத்தில் 1965 மே 28 அன்று 268 பேர். இதெல்லாம் தெரிந்தும்தான் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு நம் கல்லூரி வேதியியல் பேராசிரியருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, தண்ணியையே பார்த்துட்டு இருக்கியே, கரியைப் பார்த்தியா?" என்றார். மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரில் எங்கள் கரித்தூளை ஒரு சிட்டிகை தூவினேன். கரி தண்ணீரைவிடக் கனமானது, நியாயமாக முழுகவேண்டும். அரை நாள் ஆகியும் மேலேயே மிதந்தது. தாமரை இலைத் தண்ணீர் என்போமே, அந்தக் கதைதான். ஒட்டவே இல்லை.

காரணம் கரியின் மூலக்கூறு அமைப்பில் இருக்கிறது. தண்ணீருக்கு ஹெச்டூஓ என்று எழுதுகிற மாதிரி நிலக்கரிக்கு ஒரே சூத்திரம் எழுத முடியாது. பெஞ்சீன் போன்ற ஆறு கார்பன் வளையங்கள் இரண்டு, மூன்று, நாலு என்று ஒட்டிக் கொத்துக்கொத்தாக இருக்கும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே சின்னச் சின்னப் பாலங்கள். ஓரங்களில் இரண்டு வகைத் தொங்கல்கள். ஒன்று மெத்தில், மெத்திலீன் எனப்படும் கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி. இது எண்ணெய் ஜாதி. இன்னொன்று ஹைட்ராக்சில், கார்பாக்சில் போன்ற ஆக்சிஜன் தொகுதிகள். தண்ணீர் மூலக்கூறு கைகோர்க்க, அதாவது ஹைட்ரஜன் பிணைப்பு போட, இந்த இரண்டாவது வகைதான் தோது. வளையத்தோடும் எண்ணெய் ஜாதியோடும் அதற்கு ஒட்டுறவு குறைவு. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீர் வழிந்தோடுகிறதே, அதே கதை.

ஆகவே, எந்தக் கரி எவ்வளவு நனையும் என்பது அதன் வயதையும் வளர்ப்பையும் பொறுத்தது. பழுப்பு நிலக்கரியில், ஈரத்தையும் சாம்பலையும் கழித்தபின், 20 முதல் 30 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். அதனால் நன்றாக நனையும். பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற, கார்பாக்சிலும் ஹைட்ராக்சிலும் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் கழன்று போகின்றன. கோக்கிங் கரியில் ஆக்சிஜன் ஐந்து சதவீத வாக்கில் வந்து நிற்கிறது. ஆனால் எண்ணெய் ஜாதித் தொங்கல்கள் இன்னும் மிச்சம். எனவே கார்பன் 90 சதவீதத்தை நெருங்கும் இடத்தில்தான் கரி தண்ணீரை அதிகமாக வெறுக்கிறது. அதையும் தாண்டி ஆந்த்ரசைட் ஆகும்போது அந்தச் சங்கிலிகளும் உதிர்ந்துவிடுவதால், வெறுப்பு கொஞ்சம் தணிகிறது. நெய்வேலியில் கற்ற வித்தை ஜாரியாவில் பலிக்காமல் போனது இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. நம் ஆய்வகத்தில் இருக்கும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் கரியை வைத்தால், 3,400 அலையெண் பக்கம் ஹைட்ராக்சில், 2,920 பக்கம் மெத்திலீன், 1,700 பக்கம் கார்பாக்சில், 1,600 பக்கம் வளையம் எனத் தனித்தனியாகத் தெரியும். தம்பிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற அதே எண்கள்தான்.

வேறு இரண்டு விஷயங்களும் சேரும். கரியோடு கலந்த களிமண்ணும் மணலும் தண்ணீரை விரும்புபவை. சாம்பல் அதிகமுள்ள தூள் அதனால் சுலபமாக நனையும். அடுத்தது, காற்றுப்பட்டு நாளான கரி. ஆக்சிஜன் மறுபடி பரப்பில் ஏறிக்கொள்வதால் அதுவும் நனையும். புதிதாக உடைந்த கரிதான் ரொம்பப் பிடிவாதம். நாங்கள் வெட்டும் இடத்தில் எழுவது முழுக்க அந்தப் புதுத்தூள்தானே!

சரி, என்ன செய்தோம்? தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கரிப்பரப்பில் ஒரு திரவம் தானே பரவ வேண்டுமானால் அது ஏறத்தாழ 45-க்குக் கீழே இறங்கவேண்டும். பிரஷரைக் கூட்டுவதால் இந்த 72 குறையாது. அதைக் குறைப்பது சீயக்காய், பூந்திக்கொட்டை செய்கிற வேலை. ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இந்த மாதிரி நனைப்பான்கள் 30 வாக்குக்கு இறக்கிவிடும். ஆனால் எல்லா நனைப்பானும் எல்லாக் கரிக்கும் பொருந்தாது. பெஞ்சீன் வளையமுள்ள நனைப்பான், வளையம் நிறைந்த கரியில் நன்றாக ஒட்டும் என்று பேராசிரியர் சொன்னார். டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நனைப்பானைக் கலந்து, தூள் முழுக எத்தனை நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தோம். சிலவற்றில் தூள் அசையவே இல்லை. ஒன்றில் பத்து எண்ணுவதற்குள் முழுகியது. அளவைக் கூட்டினால் நுரைதான் கூடியது, பலன் கூடவில்லை. அதைத் தேர்ந்தெடுத்து, நாசிலையும் கரி உடையும் இடத்துக்கே கொண்டுபோனோம். துளியையும் சிறிதாக்கினோம். துளி பெரிதாக இருந்தால் நுண்தூசி காற்றோடு சேர்ந்து அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

தூசி ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. காற்று மாதிரி எடுக்கும் ஃபில்டர் தாள் முன்பு போலக் கறுக்கவில்லை. முகக்கவசம் இன்றும் வேண்டும்தான். அந்தப் பெரியவர் அடுத்த வருடம் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்து நல்ல வார்த்தை சொன்னார். ஆனால் அவர் நெஞ்சுக்குள் ஏற்கெனவே போய்த் தங்கியதை எந்த நனைப்பானாலும் கழுவ முடியாது. அதில் மூன்று மாதக் கணக்கு என்னுடையது.

இங்கே படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கப்பலில் கரி வந்து இறங்குகிறது. ஒடிசா கரி, இந்தோனேசியக் கரி என்று பலவகை. நெய்வேலிக் கரியும் பக்கத்திலேயே இருக்கிறது. புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இவற்றை வாங்கி, டம்ளர் சோதனையும் நிறமாலையும் செய்து பாருங்கள். ஜாரியாக் கரி வேண்டுமென்றால் சங்கத்தின் மூலமாகக் கேளுங்கள், நானே அனுப்பி வைக்கிறேன்.

இன்றும் என் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கிறது. புதிதாகச் சேரும் பொறியாளர் யாராவது "தண்ணீர் தெளிக்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டு வந்தால், "தூள் முழுகிச்சா?" என்று கேட்பேன்.