பட்டணத்தில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

(பழைய மாணவர் சந்திப்பு நாளன்று, இறுதியாண்டு மாணவ மாணவியருக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் இலட்சியத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். நான் பேசப்போவது வாடகை வீட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். போன வருஷம் இந்தக் கல்லூரியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த ஒரு பெண் மூன்றாவது மாதமே ஊர் திரும்பிவிட்டாள். வேலை பிடிக்காமல் அல்ல, சம்பளம் குறைவென்றும் அல்ல. பஸ் இறங்கும் இடத்துக்கும் விடுதிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் விளக்கில்லாத ரோடு. இரவு ஒன்பது மணிக்கு அதில் தினமும் நடக்கிறாள் என்று தெரிந்ததும் அப்பா, "போதும்மா, வந்துரு" என்று சொல்லிவிட்டார். நான்கு வருஷம் படித்த படிப்பை அந்த ஒரு கிலோமீட்டர் தின்றுவிட்டது. அதனால்தான் இந்த விஷயத்தைப் பேசவேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

இருபத்தெட்டு வருஷமாக நான் சென்னைவாசி. அதற்குள் ஏழு வீடு மாறியாகிவிட்டது. அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

முதலில் ஒன்று. ஊரில் இருந்துகொண்டே செல்போனில் படத்தைப் பார்த்து வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். படத்தில் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சாக்கடை தெரியாது. முதல் இரண்டு மூன்று மாதம் விடுதியில் தங்குங்கள். எங்கள் காலத்தில் ஆண்பிள்ளைகளுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான் கதி. கட்டில் போட்டால் கதவு திறக்காத அறை, ஆனால் கீழே இறங்கினால் இரவு பதினோரு மணிக்கும் சூடாக இட்லி. இன்றைக்கும் அது மோசமில்லை. பெண்பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014-ஆம் வருஷச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் பெட்டியை இறக்கவேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளும் உண்டு. 2023-இல் தாம்பரத்தில் ஒன்று திறந்தார்கள். இடம் கிடைப்பது கடினம்தான், ஆனாலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

விடுதியில் இருக்கும்போதே வீடு தேடலாம். எங்கே தேடுவது? எல்லோரும் "எந்த ஏரியா நல்ல ஏரியா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "ஆபீஸ் எங்கேப்பா?" நகரத்தில் வீட்டின் விலாசத்தை ஆபீஸ்தான் முடிவு செய்கிறது. அங்கிருந்து புறப்பட்டு, ரயில் போகும் வழியிலேயே பாருங்கள். கடற்கரை தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அரக்கோணம் பக்கம் ஒன்று, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒன்று. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். 2015-இலிருந்து மெட்ரோ. பஸ் நெரிசலில் நிற்கும், ரயில் நிற்காது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை கிடைத்தவர்களுக்குத்தான் கஷ்டம், அங்கே மெட்ரோ வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வரப்போகும் ரயிலைக் காட்டி இன்றைய வாடகையை ஏற்றிச் சொல்வார் புரோக்கர். வந்தபிறகு கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. தொலைவில் ஒரு வீடு, உங்கள் பங்கு வாடகை 4,000 ரூபாய். ஸ்டேஷன் பக்கத்தில் இன்னொன்று, பங்கு 5,500. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, போக 30, வர 30 என்று வையுங்கள். மாதம் 25 நாளைக்கு 1,500. மிச்சம் சைபர். மழை நாளில், கடைசி ஆட்டோவும் போன இரவில், தனி ஆட்டோவுக்குக் கொடுப்பது வேறு. போக்குவரத்தில் போகும் நேரத்துக்கு யார் காசு தருவார்கள்? வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. இந்த மேடையில் இருக்கும் என் நண்பர்கள் சிலர் செங்கல்பட்டிலிருந்து வந்துபோகிறவர்கள், அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இனி தண்ணீர். சென்னையில் வீடு பார்க்கிறவன் இதை இரண்டு தடவை பார்க்கவேண்டும், அதிகமாக வரும்போது ஒருதரம், வராதபோது ஒருதரம்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீட்டுக்குள் படகு வந்தது. கோட்டூர்புரம் பணக்காரப் பகுதியும் கூட. தண்ணீர் வாடகை பார்த்து வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. காரணம் ரகசியமில்லை. தென்சென்னையின் மழைநீர் போய்ச் சேரும் சதுப்புநிலம் பள்ளிக்கரணை. 2022-இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மிஞ்சியிருப்பதைச் சொல்கிறேன். மிஞ்சாத பகுதியின் மேல்தான் நீங்கள் பார்க்கப்போகும் இரண்டு படுக்கையறை வீடு நிற்கிறதோ என்னவோ.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. நம் ஊரிலேயே தாங்கல் என்றால் சிறிய ஏரி என்று தெரியும். சென்னை வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைக் காணோம். அங்கே ஒரு காலத்தில் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். இதற்காக அந்த ஊர்களில் குடியிருக்கக்கூடாது என்று சொல்லவில்லை, லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் மாறும். தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்டுப் பயனில்லை, "ஒரு சொட்டு வரலை சார்" என்பார். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். 2015-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று தன் இடுப்பையோ கழுத்தையோ தொட்டுக் காட்டுவார். மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். காரணம் இல்லாமல் யாரும் அதைத் தூக்கி வைக்கமாட்டார்கள்.

அதே ஊரில்தான் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆகவே மெட்ரோ வாட்டர் குழாய் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, வாங்கினால் அந்தச் செலவு யார் தலையில், இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு பொய் சொல்லாது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்பதும் அப்படியே. தனி மீட்டர் இருந்தால் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கு, இல்லாவிட்டால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொன்னதுதான் கணக்கு.

பாதுகாப்பு. இதில் பேரை நம்பவேண்டாம். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்ற ஓர் இளம்பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். நேரம் இரவல்ல, காலை ஆறரை. இடம் ஒதுக்குப்புறமல்ல, நகரின் மையம். நிலையத்தில் ஒரு கேமரா கூட இல்லை என்று அப்புறம்தான் ஊர் பேசியது. அதேபோல வடசென்னை என்றாலே பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார்கள், சினிமாவில் பார்த்திருப்பார்கள். 1955-இலிருந்து ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கும் பெரம்பூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாகத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் எப்போதும் ஆள் இருக்கும் தெருக்கள் அங்கே அதிகம். காம்பவுண்டுச் சுவரும் வாட்ச்மேனும் மட்டும் உள்ள அமைதியான தெருவைவிட நான் அதைத்தான் நம்புவேன். மணலிப் பக்கம் ஆலைக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி, அதை மூக்கு சொல்லும்.

ஒரு தெருவைத் தெரிந்துகொள்ள இரண்டு தரம் போகவேண்டும். பகல் பதினோரு மணிக்குப் புரோக்கரோடு ஒருமுறை. இரவு ஒன்பதரைக்கு, ஸ்டேஷனில் இறங்கி, நீங்கள் தினம் வரப்போகும் வழியிலேயே, துணைக்கு ஒரு ஆளோடு இன்னொரு முறை. விளக்கு எத்தனை எரிகிறது? அந்நேரம் பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா? எந்தக் கடை திறந்திருக்கிறது? டாஸ்மாக் கடை வழியில் இருக்கிறதா? தெருமுனை மளிகைக் கடையில் பேச்சுக் கொடுங்கள். சென்னையில் அந்தக் கடைகளில் எத்தனையோ நம் நெல்லை, தூத்துக்குடி அண்ணாச்சிகளுடையவை. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டாரென்றால் பிறகு தெருவின் சரித்திரமே வந்துவிடும், எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார் என்பது உட்பட. பகுதி எந்தக் காவல் நிலையத்தில் வருகிறது என்றும் கேட்டு வையுங்கள். 2022 ஜனவரியிலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்கள். பெண்களுக்கு உதவி எண் 181.

அட்வான்ஸ் என்றதும் சட்டம் ஞாபகம் வருகிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக முன்பணம் திரும்ப வரவேண்டும். இதைச் சண்டைக்குச் சொல்லவேண்டாம். "சார், சட்டத்துல மூணு மாசம்னு இருக்காமே" என்று மெதுவாகச் சொன்னால் பத்து என்பது ஐந்தாகிறது. வீட்டைப் பார்த்த அன்றே சுவரின் விரிசல், உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லாமல் விட்டால் நான் பாதி பொய் சொன்னவனாவேன். வீடு காலி என்று போர்டு இருக்கும். போய் நின்றால் "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். நேராகக் கேட்காமல், சாப்பாடு சைவமா, பேர் என்ன, அப்பா பேர் என்ன, குலதெய்வம் எது என்று சுற்றி வளைப்பவர்களும் உண்டு. தனியாக வாழும் பெண் என்றால் இன்னொரு விசாரணை. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் சிலருக்கு ஒரே தெருவில் நான்கு கதவு மூடும். நண்பனுக்குத் திறந்த வீடு உங்களுக்குத் திறக்காது. அது உங்கள் குறையில்லை. ஆனால் வீடு தேடும் நாட்களை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நண்பனும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்கும்போது, மூவரில் ஒருவன் மட்டும் வேண்டாம் என்று ஓனர் சொன்னால், மற்ற இருவரும் அந்தச் சாவியை வாங்கவேண்டியதில்லை.

வாசலில் பதிவு மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சென்னையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் தங்கள் பகுதியையும் போன் நம்பரையும் எழுதியிருக்கிறார்கள், தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் வரை. இரவு ஒன்பதரைக்கு உங்களோடு ஒரு தெருவில் நடந்து பார்க்க அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் போகும் முன் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் எழுதாத சென்னைவாசிகள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருப்பதை மேடையிலிருந்து பார்க்கிறேன். பேனாவும் அங்கேயே இருக்கிறது.